ஜாயினிங் டைம்

ஜும்பா,

இந்தக் கடிதத்தை உன் அப்பாவிடம் கொடுத்து, நான் கிளம்பிய பிறகு உன்னிடம் தரச் சொன்னால், மனிதர் அதுவரை தாங்க மாட்டார். "இந்தா, அம்மா ஏதோ எழுதியிருக்கா" என்று இன்றைக்கே நீட்டிவிடுவார். அதனால் ஃப்ரிட்ஜில் தோசை மாவுப் பாத்திரத்தின் மூடிமேல் வைத்துவிட்டுப் போகிறேன். என்னை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்து, அழுது முடித்து, பசி எடுத்தால்தான் நீ அந்தப் பாத்திரத்தைத் தொடுவாய். நீங்கள் இரண்டு பேரும் தியாவுக்குக் கவுன் வாங்கக் கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறீர்கள். பெட்டியைப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்து பார்த்தேன். பக்கத்து ஃப்ளாட் வங்காளிக் காகிமா, அதுதான் உனக்கு ஜும்பா என்று பெயர் வைத்த புண்ணியவதி, கம்பி வழியாகப் பார்த்து "என்ன தேடறே?" என்று கேட்டுவிட்டாள். எதையும் தேடவில்லை, தீதி, கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

என்ன கூத்து பார். அமெரிக்காவில் வேலை உனக்கு, வீடு உனக்கு, நாலு வயதுப் பெண் உனக்கு. போக முடியாமல் கல்கத்தாவில், ஜாதவ்பூரில் உட்கார்ந்திருப்பவள் நீ. தெருமுனைக் கடைக்குப் போகவே நூறு தடவை யோசிக்கிற நான், தியா பிறந்தபோது வாங்கிய சுற்றுலா விசா இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, நாளைக்கு விமானம் ஏறுகிறேன். போகும்முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நேரில் சொன்னால் நீ "விடும்மா" என்பாய், நான் "எதை விடறது" என்பேன், அப்புறம் இரண்டு பேரும் கத்துவோம். எழுதினால் நீ நடுவில் பேச முடியாது.

பழைய கம்பெனியை விடப் போகிறேன் என்று நீ ஃபோனில் சொன்ன நாளை நினைத்துப் பார்க்கிறேன். "வெள்ளிக்கிழமை இங்க கடைசி நாள், திங்கட்கிழமை புது எடத்துல சேரணும்மா" என்றாய். நான் மாவரைக்கும் சத்தத்தையும் மீறிக் கத்தினேன். "அதென்னடி, ஒரு நாற்காலியிலேர்ந்து எழுந்து அடுத்த நாற்காலியில போய் விழறது? முறையா ரிலீவ் ஆகு. ஜாயினிங் டைம் எடுத்துக்கோ. இங்க வந்து இரு. விசா ஸ்டாம்ப் புதுப்பிக்கணும்னு சொன்னியே, அதையும் இங்கயே முடிச்சுட்டு நிம்மதியா போய்ச் சேரு." நீ சிரித்தாய். "அம்மா, ஜாயினிங் டைம்லாம் இங்க கிடையாது." நான் விடவில்லை. "கேட்டாத்தானே கெடைக்கும்." நீ கேட்டாய், அவர்களும் சரி என்றார்கள். முதலில் சேர்ந்துவிட்டு அப்புறம் ஊருக்குப் போவதே நல்லது என்று வக்கீல் சொல்வதாக மாப்பிள்ளை சொன்னபோது, "அம்மா கூப்பிடறா, ரொம்ப நாளாச்சு" என்று, கொஞ்ச நாள்தானே எனத் தியாவை அவரிடம் விட்டுவிட்டு நீ கிளம்பிவிட்டாய். நான் காகிமாவிடம் போய், "அமெரிக்காவிலும் கேட்டால் ஜாயினிங் டைம் கொடுக்கிறார்கள்" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

நான் வேறு எப்படிச் சொல்லியிருப்பேன்? மத்திய அரசு ஆபீஸில் எஸ்டாபிளிஷ்மென்ட் செக்ஷனில் தலை நரைத்தவள். யார் எந்த ஊருக்கு மாற்றலானார், எப்போது ரிலீவ் ஆனார், எப்போது போய்ச் சேர்ந்தார் என்று பார்ப்பதே என் பிழைப்பு. ஒரு ஊரில் ரிலீவ் ஆகி இன்னொரு ஊரில் சேரும்வரை உள்ள நாட்களுக்கு ஜாயினிங் டைம் என்று பெயர். ரயிலில் தூங்கினாலும், பாத்திரம் பண்டம் கட்டினாலும் அந்த நாட்களும் வேலை செய்த கணக்குத்தான். சம்பளமும் உண்டு, சர்வீஸும் அறாது. எங்களுக்குப் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான், பிரேக் இன் சர்வீஸ். அந்த வார்த்தையைக் கேட்டாலே பெரிய பெரிய ஆபீசர் முகமெல்லாம் வெளுத்துப் போகும். முறைப்படி ரிலீவ் ஆகி முறைப்படி சேர்ந்தால் பிரேக் வராது என்பது எனக்கு வேதம். உலகம் முழுக்க அந்த வேதம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரூல் மட்டும் பேசவில்லை, அதையும் சொல்கிறேன். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் சென்னையில், உன் அப்பா ஹவுராவில் ரயில்வேயில். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஓடினேன். அப்புறம் பிரமோஷன் கொடுத்துக் கல்கத்தாவில் போட்டார்கள். வந்து இறங்கியதும் ஜாயினிங் டைம். அப்பா லீவு போட்டார். வீட்டில் கேஸ் இல்லை, கட்டில் இல்லை, சுருட்டின படுக்கையைப் பிரித்துத் தரையில் உட்கார்ந்து பூரி வாங்கித் தின்றோம். சாயங்காலம் ஹவுராவில் படகு ஏறி பாபுகாட்டுக்குப் போவோம். இறங்கியதும் மறுபடி டிக்கெட் எடுத்து அதே படகில் திரும்பி வருவோம். அக்கரையில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. நீ அப்பா தோளில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக் கத்துவாய். பழைய ஆபீஸ் என்னைக் கேட்காது, புது ஆபீஸ் இன்னும் கேட்கவில்லை. என் ஆயுசில் நான் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தது அந்தச் சில நாட்கள் மட்டும்தான். உனக்கும் அது கிடைக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஓட்டமாகவே ஓடிக்கொண்டிருக்கிறாயே என்று வயிறு எரிந்தது.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். எனக்கு ஆபீஸ் மாறினாலும் காலுக்குக் கீழே இருந்த மண் மாறவில்லை. உனக்கு அந்த ஊரில் நிற்கிற இடமே கம்பெனி தந்தது. ஒரு கம்பெனி விட்டு இன்னொன்றில் சேரும்வரை உள்ள நாட்களில், நீ யார், எதற்காக இங்கே இருக்கிறாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பெயர் இல்லை. பழைய ஸ்டாம்போ காலாவதி. நான் சொன்ன நிம்மதியான நாட்களை விசா ஆபீஸ்காரர்கள் ஓட்டை என்று பார்த்தார்கள்.

விசா இன்டர்வியூ அன்று நீ அமெரிக்கத் தூதரகத்துக்குள் போனாய். நானும் அப்பாவும் உன் ஃபோனையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றோம். அப்பா மண் குவளையில் டீ குடித்தார். எனக்கு இறங்கவில்லை. வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே இவனுக்குக் கிடைத்தது, இவளுக்கு இல்லை என்று ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ வெளியே வந்தபோது எனக்கு ஜோசியம் மறந்துபோயிற்று. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, ஒரு ஸ்லிப் குடுத்தாங்க. ரெண்டு வேலைக்கும் நடுவுல எங்க இருந்தே, யாருக்கு வேலை பாத்தேன்னு கேட்டாங்க. யாருக்கும் இல்லன்னேன். இன்னும் கொஞ்சம் பேப்பர் வேணுமாம். பாஸ்போர்ட்டை வாங்கி வச்சுக்கிட்டாங்க, பாத்துட்டுச் சொல்வாங்களாம்." எப்போது சொல்வார்களாம் என்று அப்பா கேட்டார். "அது மட்டும் சொல்லலப்பா." டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியில் நான் ஒரு தடவை, "ஜாயினிங் டைம்னு சொல்லியிருக்கலாமே" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றைக்கு என் வாயைத் தைத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து நாம் மூன்று பேரும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவர்கள்தான். நீ விசா வெப்சைட்டைப் பார்க்கிறாய், ஃபோனைக் கவிழ்த்து வைக்கிறாய், மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கிறாய். வாசல் மணி அடித்தால் கூரியர்காரர் என்று நீயும் நானும் ஒன்றாக ஓடி, ஒரு தடவை இடித்துக்கொண்டோம். வந்தது காகிமா, கிண்ணத்தில் பாயேஷ், அவர்கள் ஊர்ப் பாயசம். "பாலோய் தோ, நல்லதுதானே, பொண்ணு வீட்டுக்கே வந்தாச்சு" என்றாள். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தைப் பார்த்து நீயே பயந்துவிட்டாய். நான் எதற்காக அவ்வளவு கோபப்பட்டேன் தெரியுமா? என் மனசுக்குள் ஒரு மூலையில் நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் நீ தலை கலைந்து வந்து "அம்மா, காபி" என்று நிற்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்தது. இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியது, மறைத்து என்ன லாபம்.

காளிகாட்டுக்கு நான் தனியாகப் போனேனே, உன் விசாவுக்கு வேண்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேனே, அது பொய். பூசாரி பெயரும் கோத்திரமும் கேட்டார், சொன்னேன். என்ன வேண்டும் என்று கேட்டார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது, செம்பருத்தி மாலை கையில் கசங்குகிறது, எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு விசா வரட்டும் என்றால் நீ போய்விடுவாய். வரவேண்டாம் என்று தெய்வத்திடம் சொல்ல நான் என்ன ராட்சசியா? "ஷோப் பாலோ ஹோக்" என்றேன். எல்லாம் நல்லபடியாக இருக்கட்டும் என்று. பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பூவைப் போட்டார். அரசாங்க ஆபீஸ்காரி, தெய்வத்திடம்கூட எந்தப் பக்கமும் மாட்டிக்கொள்ளாமல் மனு போட்டுவிட்டு வந்தேன்.

அந்த மனுவைக் கிழித்துப் போட்டது உன் பெண். நமக்குக் காலை, அங்கே அவள் சாப்பிடும் நேரம், வீடியோவில் அவளைப் பார்ப்போம். முதலில் அழுதாள். "எப்பம்மா வருவே?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். அப்புறம் அழுகை நின்றது. நீ சந்தோஷப்பட்டாய், பழகிவிட்டாள் என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போன வாரம் அவள் நாற்காலியிலிருந்து விழுந்தாள், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எழுந்து, ஃபோனில் இருந்த உன் முகத்தைத் தாண்டி உள்ளே ஓடினாள். நீ "தியா, தியா, அம்மா இங்க இருக்கேன்டா" என்று கூப்பிட்டாய். மாப்பிள்ளை அவளைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மாகிட்ட காட்டு, எங்க அடிபட்டுதுன்னு" என்றார். அவள் தலையைத் தோளில் புதைத்துக்கொண்டு, "அம்மாவால தொட முடியாது" என்றாள். கோபமில்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். நீ ஃபோனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாய். தண்ணீர் வீணாகிறது என்று நான் கத்தவில்லை, கவனித்தாயா?

அன்றைக்குத்தான் நமக்குள் சண்டை. தியாவை இங்கே வரவழைத்துவிடுகிறேன் என்றாய். அவள் அங்கே பிறந்தவள், அவளை யாரும் தடுக்கப் போவதில்லை. நம் வீட்டிலேயே அந்த வாசலில் கேள்வி இல்லாமல் போய்வரக்கூடியவள் அந்த நாலு வயதுக்காரி ஒருத்திதான். "அவ இங்க வந்துட்டா அப்புறம் நீ போவியா?" என்று கேட்டேன். "போறதுக்கு வேலை இருக்கணுமே. புது கம்பெனி எத்தனை நாள் காத்திருக்கும்? நீ கூப்பிட்டேன்னு வந்தேன்" என்றாய். சொன்ன கையோடு "அப்படி இல்லம்மா" என்றாய். அப்படித்தான். ஆனால் கேள், எனக்கும் உன்மேல் கோபம் உண்டு. முப்பது தாண்டியவள், வக்கீலே முதலில் சேரச் சொன்னபோது, அம்மா சொன்னாள் என்று எதற்கடி கிளம்பி வந்தாய்? மற்ற விஷயத்தில் எப்போது என் பேச்சைக் கேட்டாய்? எண்ணெய் தேய்த்துக் குளி என்றால் கேட்டாயா? கேட்கக் கூடாத ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டாய். உன் சாப்பாட்டில், உடம்பில், மனசில் என்ன வேண்டுமானாலும் சொல்வேன், கேள். உன் ஊர், உன் வேலை, உன் விசா என்றால் என் பேச்சைக் கேட்காதே. அம்மாவுக்குத் தெரிந்த உலகத்தில் அம்மா சொல்வது சரியாக இருக்கும். நீ இருப்பது அதற்கு வெளியே.

நாம் கத்தி ஓய்ந்த பிறகு உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "இவளுக்கு விசா இருக்கே. இவ போகட்டுமே." ஏதோ காய்கறி வாங்கி வரச் சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத் திக்கென்றது. அந்த ஊரில் உன் பிரசவத்துக்கு வந்து இருந்தபோது எனக்கு மூச்சு முட்டியது உனக்குத் தெரியும். தெருவில் ஆள் இல்லை, சத்தம் இல்லை, யாரிடமும் இரண்டு வார்த்தை சண்டை போட வழியில்லை. "நான் போனா உங்களுக்கு யாருங்க?" என்றேன். "அதான் பொண்ணு இருக்காளே" என்றார். சம்பந்தியம்மாவுக்கு விசாவே இல்லை. மாப்பிள்ளை லீவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டார். வேறு யார் இருக்கிறார்கள்? தியா சொன்னது காதிலேயே நின்றது. தொடுவதற்கு ஒரு கை வேண்டும். உன் கை போக முடியவில்லை, என் கை போகலாம். சரி என்றேன்.

நேற்று சாப்பாட்டு மேஜையில் நீ எனக்குப் பயிற்சி கொடுத்தாய். அப்பாவின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஊர் ஏர்போர்ட் அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இங்கிலீஷில் கேட்டாய். எதற்காக வருகிறீர்கள்? என் பேத்தியைப் பார்க்க. எவ்வளவு நாள் இருப்பீர்கள்? "என் பொண்ணு வர்ற வரைக்கும்" என்றேன். நீ கண்ணாடியைக் கழற்றினாய். "அம்மா, அப்படிச் சொன்னா அங்கேருந்தே திருப்பி அனுப்பிடுவாங்க. ரிட்டர்ன் டிக்கெட் தேதியைச் சொல்லு." மறுபடி கேட்டாய். மறுபடி அதே பதில்தான் வாயில் வந்தது. அப்பா சிரித்தார், நீ சிரித்தாய், சிரித்துக்கொண்டே மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டே தேதியை மனப்பாடம் செய்தேன்.

இப்போது சார்ஜை ஒப்படைக்கிறேன், கவனமாகக் கேள். பம்பு காலையில் போடாவிட்டால் மேல் வீட்டுக்காரர் எல்லாத் தண்ணீரையும் பிடித்துவிடுவார். அப்பா பேப்பர் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினால் கூடவே போ, பேப்பர் கடைக்குப் பக்கத்தில்தான் சந்தேஷ் விற்கிற இனிப்புக் கடை. சர்க்கரை மாத்திரையைக் கையில் கொடுக்காதே, வாயில் போடும்வரை நின்று பார். காகிமாவிடம் நான் முறைத்துக்கொண்டதற்கு நீ போய் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசு, உனக்குத்தான் அவள் பாஷை நன்றாக வரும். வெப்சைட்டைக் காலையில் ஒருதரம் பார், போதும். பார்த்த பிறகு அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஹவுராவுக்குப் போ. படகு ஏறு, அக்கரைக்குப் போய் டிக்கெட் எடுத்துத் திரும்பி வா. அவருக்கு அது பிடிக்கும். நான் உனக்குக் கொடுக்க நினைத்தது அதுதான், அதையாவது வாங்கிக்கொள்.

பாஸ்போர்ட் கையில் வந்தால் அன்றைக்கே கிளம்பு. அம்மா திரும்பட்டும், நல்ல நாள் பார்க்கலாம், அப்பா தனியாக இருப்பாரே என்று எதையும் யோசிக்காதே. அப்பாவைக் காகிமா பார்த்துக்கொள்வாள். என் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றல் ஆர்டர் வந்தாலும், ரயிலுக்கு நேரமானாலும், அடுத்த ஆள் வந்து எதிரே நின்று பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை சார்ஜில் இருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. ரிலீவர் வராமல் யாரும் ரிலீவ் ஆவதில்லை. எனக்கும் அங்கே ஒரு தேதி இருக்கிறது, அதைத் தாண்டி அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும். அதற்குள் நீ வந்துவிட்டால் அந்த வீட்டு வாசலில் அவளை உன் கையில் கொடுப்பேன். வர முடியாவிட்டால் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து இந்த வாசலில் கொடுப்பேன். வேலை போனால் போகட்டும், வேறு வேலை வரும். அந்தக் குழந்தைக்கு அம்மா என்கிற சர்வீஸில் ஒரு நாள் பிரேக் வர நான் விட மாட்டேன்.

கவுண்டரில் என்னைக் கேட்பார்கள், எவ்வளவு நாள் என்று. நீ சொல்லிக்கொடுத்த தேதியைத் தப்பில்லாமல் ஒப்பிப்பேன், கவலைப்படாதே. உன்னிடம் மட்டும் என் பதிலை மாற்றிக்கொள்ள மாட்டேன். நீ வந்து அவளை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிற வரைக்கும்.

அம்மா